நாய் இருக்கும் வீட்டில் எந்தப் பூச்செடிக்குப் பயப்பட வேண்டும்?

மூன்று மாத நாய்க்குட்டி ஒன்று வீட்டுக்கு வரப்போகிறது. தோட்டத்தில் ரோஜா, மல்லிகை, செம்பருத்தி, சாமந்தி, நித்தியகல்யாணி, அரளி, இரண்டு மூன்று வகை லில்லி எல்லாம் இருக்கின்றன. இணையத்தில் தேடினால் இதில் பாதிக்கு மேல் ‘நாய்களுக்கு நச்சு’ என்று வருகிறது. எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட வேண்டுமா? இதுதான் கேள்வி.

வேண்டாம். அரளியை எடுத்துவிடுங்கள். லில்லி என்று நீங்கள் சொல்வது உண்மையில் என்ன செடி என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். மற்றவை அப்படியே இருக்கட்டும். அப்புறம், உரமும் பூச்சிமருந்தும் வைத்திருக்கும் மூலையை ஒருமுறை போய்ப் பாருங்கள். பல தோட்டங்களில் பூச்செடிகளைவிட அந்த மூலைதான் நாய்க்கு ஆபத்து. ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன்.

பட்டியல்கள் பொய் சொல்வதில்லை. அவற்றின் சிக்கல் வேறு. ஒருமுறை வாந்தி எடுக்க வைக்கும் செடிக்கும் ‘நச்சு’ என்றுதான் முத்திரை, இதயத்தையே நிறுத்திவிடும் செடிக்கும் அதே முத்திரைதான். அமெரிக்காவின் ஏஎஸ்பிசிஏ என்ற விலங்கு நல அமைப்பு வெளியிட்டிருக்கும் பட்டியலைப் பல தளங்கள் எடுத்துப் போடுகின்றன. அது நல்ல பட்டியல். நாய், பூனை, குதிரை மூன்றுக்கும் தனித்தனியாகச் சொல்கிறது, என்ன அறிகுறி வரும் என்றும் சொல்கிறது. எடுத்துப் போடுகிறவர்கள் அதையெல்லாம் வெட்டிவிட்டுப் பெயரை மட்டும் போடுகிறார்கள். படிக்கிறவருக்கு சாமந்தியும் அரளியும் ஒரே வரிசையில் நிற்பதுபோலத் தெரிகிறது.

ஒரு செடியைப் பார்த்தால் நான் மூன்று விஷயங்களைத்தான் பார்ப்பேன். அதிலுள்ள நச்சு உடம்பில் எதைத் தாக்குகிறது? வாயையும் வயிற்றையும் மட்டும் என்றால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். இதயம், கல்லீரல், எலும்பு மஜ்ஜை என்றால் அந்தச் செடி நாய்க்கு எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. இரண்டாவது, செடியின் எந்தப் பாகத்தில் நச்சு அதிகம்? பெரும்பாலும் பூவிதழில் இருப்பது குறைவு. மண்ணுக்குள் இருக்கும் கிழங்கிலும், பூ உதிர்ந்தபின் வரும் விதையிலும்தான் செறிந்திருக்கும். மூன்றாவது, நாய் அந்தப் பாகத்தைத் தின்னுமா? கசப்பு இலையை ஒரு கடி கடித்துத் துப்பிவிட்டுப் போகிற நாய், மண்ணைத் தோண்டிக் கிழங்கை எடுத்தால் பந்துபோல வைத்து மென்றுகொண்டே இருக்கும்.

முதலில் இதயத்தைத் தாக்குபவை. அரளியில், வெள்ளையோ சிவப்போ எதுவானாலும், வேர் முதல் பூ வரை எல்லாப் பாகமும் நச்சு. கிழங்கிலும் விதையிலும்தான் நச்சு செறிந்திருக்கும் என்று சொன்னேனே, அதற்கு இது விதிவிலக்கு. இதிலுள்ள ஒலியாண்டிரின் என்ற பொருள், இதயத் தசையின் செல்களில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் உள்ளும் புறமுமாக மாற்றிக்கொண்டிருக்கும் பம்பை முடக்கிவிடும். முதலில் எச்சில் ஒழுகும், வாந்தி, வயிற்றுப்போக்கு. அது வரை சாதாரண வயிற்றுக்கோளாறு மாதிரியே தெரியும். பிறகு இதயத்துடிப்பு மெதுவாகும், தாளம் தப்பும். சிறிய நாய்க்குச் சில இலைகளே போதும். இன்னொரு தொல்லை, காய்ந்த பிறகும் இதன் நச்சு போவதில்லை. பச்சை இலையை ஒதுக்கிவிடும் ஆடு மாடுகள், வெட்டிப் போட்ட கிளையின் வாடிய இலையைத் தின்று செத்துப்போவது பல நாடுகளில் நடந்திருக்கிறது. அதனால் கவாத்து செய்த கிளைகளை முற்றத்தில் குவித்து வைப்பது, செடி நிற்பதைவிட மோசம். பூவைப் போட்டு வைத்த பாத்திரத்துத் தண்ணீரையும் நாய் நக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மஞ்சள் அரளியும் இதே ரகம். அதன் பச்சைக் காய்க்குள் இருக்கும் கெட்டியான விதையில்தான் நச்சு அதிகம். காய் உருண்டு விழும், நாய்க்குட்டிக்கு விளையாட்டுச் சாமான் ஆகும். தொட்டியில் அழகுக்காக வளர்க்கும் அடீனியம் இருக்கிறதே, அடித்தண்டு பருத்து, ரோஜா நிறத்தில் பூக்குமே, அதுவும் இந்தக் குடும்பம்தான். ஆப்பிரிக்காவில் அதன் சாற்றை அம்புமுனையில் தடவி வேட்டையாடியிருக்கிறார்கள். தரையில் வைத்த சின்னத் தொட்டி என்பதால் நாயின் வாய்க்கு நேராக நிற்கும். அதை உயரத்தில் தூக்கி வைத்துவிடுங்கள். எருக்கின் பாலிலும் இதய நச்சு உண்டு. குளிர்ப்பிரதேசத் தோட்டங்களில் வளரும் ஃபாக்ஸ்குளோவ், லில்லி ஆஃப் த வேலி இரண்டும் இதே வழியில் வேலை செய்பவை. ஃபாக்ஸ்குளோவ் இனத்திலிருந்துதான் மனிதர்களின் இதயநோய்க்குக் கொடுக்கும் டிஜாக்சின் மாத்திரை வந்தது. மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவே உள்ள இடைவெளி இதில் மிகக் குறுகியது என்பதால்தான் அந்த மாத்திரையை மருத்துவர்கள் அவ்வளவு அளந்து கொடுக்கிறார்கள். அசேலியா, ரோடோடெண்ட்ரான் செடிகளின் நச்சு வேறு வகை. ஆனால் வாந்தியில் தொடங்கி, ரத்த அழுத்தமும் துடிப்பும் குறைவதில் போய் முடியும்.

அடுத்தது செங்காந்தள். பட்டியல்களில் இதற்குக் கிடைக்கும் கவனம் போதாது என்பது என் அபிப்பிராயம். தீக்கொழுந்து மாதிரி பூத்து நிற்கும்போது கண்ணை எடுக்க முடியாது. விரல் தடிமனில் வளைந்து கிடக்கும் அதன் கிழங்கில் கால்ச்சிசின் நிறைய இருக்கிறது. உடம்பில் செல்கள் பிரிந்து பெருகுவதை அது நிறுத்திவிடும். வேகமாகப் பெருகும் செல்கள் எங்கே இருக்கின்றன? குடலின் உள்பூச்சிலும் எலும்பு மஜ்ஜையிலும். அதனால் தின்ற சில மணி நேரத்தில் கடுமையான வாந்தி, ரத்தம் கலந்த பேதி. அந்தக் கட்டத்தைத் தாண்டி நாய் கொஞ்சம் தெளிந்ததுபோல இருந்தாலும் நம்பக்கூடாது. அடுத்த சில நாட்களில் மஜ்ஜை ரத்த அணுக்களை உற்பத்தி செய்வது குறைந்து, தொற்று, ரத்தக்கசிவு என்று வரும். ஆட்டம் கிரோகஸ் (autumn crocus) என்ற பூவிலும் இதே நஞ்சுதான். ‘நேற்று வாந்தி எடுத்தது, இன்றைக்குப் பரவாயில்லை’ என்ற கணக்கு இந்த இரண்டு செடிகளிலும் செல்லாது.

பூவே பூக்காத ஒரு செடியையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அழகுத் தோட்டங்களில் அது இல்லாத இடம் குறைவு. குட்டையான பனை மாதிரி, விறைப்பான இலைகளோடு நிற்கும் சைகஸ். பெண் செடியின் நடுவில் ஆரஞ்சு நிறத்தில் கொத்தாக விதை வரும். நாய்களுக்கு இந்த விதை பிடிக்கிறது என்பதுதான் கொடுமை. ஒன்றிரண்டு விதைகளே கல்லீரலைச் செயலிழக்க வைக்கும். சிகிச்சை கிடைத்தும் பிழைக்காத நாய்கள் உண்டு. அரளிக்கு அடுத்து எடுத்துவிட வேண்டியது எது என்று கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

விதைகளில் இன்னும் சில. ஆமணக்கு விதையில் ரைசின், குன்றிமணியில் ஏப்ரின். இரண்டுமே செல்களுக்குள் புரதம் உருவாவதைத் தடுப்பவை. இவற்றில் ஒரு நுணுக்கம் உண்டு: விதையின் ஓடு கெட்டி. நாய் மெல்லாமல் விழுங்கினால் ஒன்றும் ஆகாமல் வெளியே வந்துவிடவும் கூடும். கடித்து உடைத்திருந்தால் நிலைமை தலைகீழ். கடித்ததா இல்லையா என்று வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது என்பதால், கடித்தது என்றே வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். ஊமத்தை அடையாளம் காண எளிது. மற்ற நச்சுகளில் எச்சில் ஒழுகும், இதில் வாய் வறண்டுபோகும். கண்ணின் பாவை அகலமாகத் திறந்து, வெளிச்சத்தில் கூசும். நாய் தடுமாறும், இல்லாததைப் பார்த்துக் குரைக்கும். ஊமத்தையின் உறவுக்காரச் செடி ஒன்று, நீண்ட மணிபோலத் தலைகீழாகத் தொங்கும் பூக்களுடன் தோட்டங்களில் வளர்கிறது. ஏஞ்சல்ஸ் டிரம்பெட் என்பார்கள். அதற்கும் இதே கதைதான்.

சரி, லில்லிக்கு வருவோம். இந்த ஒரு பெயரில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத அரை டஜன் செடிகள் விற்கப்படுகின்றன. பூங்கொத்துகளில் வரும் உண்மையான லில்லியும், ஒரே நாள் மட்டும் மலர்ந்திருக்கும் டே லில்லியும் பூனைகளுக்கு எமன். மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் கெடும். நாய்க்கு அந்த விளைவு இல்லை. நிறையத் தின்றால் வயிறு கலங்கும், அவ்வளவுதான். வீட்டில் பூனையும் இருந்தால் அவை வாசல்படி ஏறக்கூடாது, நாய் மட்டும் என்றால் பதற வேண்டாம். மழை பெய்ததும் தரையை ஒட்டிப் பூக்கும் ரெயின் லில்லி, மெல்லிய இதழ்கள் விரிந்து நிற்கும் ஸ்பைடர் லில்லி, அமரில்லிஸ் ஆகியவற்றின் கிழங்குகளில் லைகோரின் இருக்கிறது. அது கடுமையாக வாந்தி எடுக்க வைக்கும். வாந்தி தொல்லைதான், ஆனால் நச்சின் பெரும்பகுதி அதோடு வெளியே வந்துவிடுவதும் உண்டு. கல்வாழையை கேனா லில்லி என்று சொல்வார்கள். அதில் நச்சே இல்லை. லில்லி ஆஃப் த வேலி இதய நஞ்சு என்று ஏற்கெனவே சொன்னேன், செங்காந்தளை குளோரி லில்லி என்று விற்கிறார்கள், அதையும் மேலே பார்த்தோம்.

மிச்சம் இருப்பது பீஸ் லில்லியும் கேலா லில்லியும். இவை சேம்பு குடும்பம். டம்ப்கேன், மணி பிளாண்ட், கலேடியம் எல்லாம் இதில் சேரும். இவற்றின் இலைச் செல்களுக்குள் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் ஊசிக் கட்டுகளாக அடுக்கி இருக்கும். நாய் கடித்த உடனே செல் வெடித்து ஊசிகள் நாக்கிலும் உதட்டிலும் ஏறும். அடுத்த நிமிடமே தெரிந்துவிடும்: எச்சில் நூலாகத் தொங்கும், முன்னங்காலால் வாயைப் பிறாண்டிக்கொள்ளும், முகத்தைத் தரையில் தேய்க்கும், தண்ணீர் கிண்ணம் வரை போய்க் குடிக்காமல் திரும்பும். பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் எரிச்சலே நாயைத் தடுத்துவிடுவதால் ஒரு கடிக்கு மேல் போவது அரிது. வாயைத் தண்ணீரால் நன்றாக அலசிவிட்டால் சில மணி நேரத்தில் அடங்கும். தொண்டை வீங்கி மூச்சு இழுத்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது.

துலிப், டாஃபடில், ஹயசிந்த், கிளாடியோலஸ் போன்றவற்றில் மேலே தெரியும் பூவை நாய் மோந்துவிட்டுப் போகும். நட்ட அன்றைக்குத்தான் ஆபத்து. கிழங்கைப் புதைக்கும்போது குழியில் ஒரு பிடி எலும்புத்தூள் போடுவது பலருக்கும் வழக்கம். நாயின் மூக்குக்கு அது யாரோ இறைச்சி எலும்பைப் புதைத்துவிட்டுப் போன மாதிரி. நீங்கள் கை கழுவிவிட்டு வருவதற்குள் பாத்தி முழுக்கக் கிளறப்பட்டிருக்கும், கிழங்குகள் பாதி மென்ற நிலையில் கிடக்கும். நட்ட பாத்தியின் மேல் கம்பி வலையை விரித்து நாலு மூலையிலும் முளை அடித்துவிட்டால் போதும். வலையின் ஓட்டை வழியே செடி மேலே வந்துவிடும், நாயின் கால் உள்ளே போகாது.

நித்தியகல்யாணியைப் பற்றித் தனியாகக் கேட்பவர்கள் உண்டு. இதிலிருந்துதான் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள் எடுக்கப்படுகின்றன. நாய்களுக்குப் பாலுறவு வழியாகப் பரவும் ஒருவகைக் கட்டிக்குக் கால்நடை மருத்துவர்கள் போடும் ஊசியும் இதே வின்கிரிஸ்டின்தான். அந்த மருந்து செடியில் இருப்பது மிக மிகக் கொஞ்சம். ஒரு கிராம் எடுக்கவே மலை மலையாக இலை வேண்டும். இருந்தாலும் வேறு பல ஆல்கலாய்டுகளும் (உடம்பைப் பாதிக்கும் தாவர வேதிப்பொருள்கள்) கூடவே இருப்பதால், நிறைய இலை தின்றால் வாந்தி, தளர்ச்சி, ரத்த அழுத்தக் குறைவு, மோசமானால் வலிப்புகூட வரலாம். ஓரிரு பூ தின்றதற்கு ஓட வேண்டாம். இலை கடும் கசப்பு என்பதால் பெரிய நாய்கள் தொடுவதில்லை. கண்டதையும் கடிக்கும் குட்டி என்றால், பல் முளைத்து முடியும் ஆறேழு மாதம் வரை வேலிக்கு அந்தப் பக்கம் நகர்த்தி வைப்பது நல்லது.

இப்போது பட்டியலில் பெயர் இருந்தாலும் எனக்குத் தூக்கம் கெடாத செடிகள். சாமந்தியில் பைரெத்ரின் இருக்கிறது என்று பயமுறுத்துவார்கள். உண்மைதான், சாமந்தியின் நெருங்கிய உறவான பைரெத்ரம் பூவிலிருந்துதான் அந்தப் பூச்சிக்கொல்லி வருகிறது. நாய்களுக்குப் போடும் உண்ணி மருந்துகள் சிலவற்றில் இருப்பதும் அதுவோ அதன் செயற்கை வடிவமோதான். நிறையத் தின்றால் எச்சில், வாந்தி. சில நாய்களுக்குத் தோலில் அரிப்பு. துலுக்கச் சாமந்திக்கு அதைவிடக் குறைவு. டேலியா, ஜெரேனியம், கார்னேஷன், கார்டீனியா, ஹைட்ராஞ்சியா எல்லாம் வயிற்றோடு நிற்பவை. ஹைட்ராஞ்சியாவில் சயனைடு வெளிவிடும் பொருள் இருக்கிறது என்று படித்தால் திக்கென்றிருக்கும், நடைமுறையில் பார்ப்பது பேதிதான். பிகோனியாவின் கிழங்கை மட்டும் தோண்டவிடாதீர்கள். பத்துமணிப் பூவில் கரையும் வகை ஆக்சலேட் உண்டு. சேம்பின் ஊசிகள் வாயோடு போகும், இது ரத்தத்தில் கலந்து கால்சியத்தைப் பிடித்துச் சிறுநீரகம் வரை போகக்கூடியது. தொட்டி முழுக்க மேய்கிற நாயாக இருந்தால் கவனிக்க வேண்டும். அந்திமந்தாரையில் கருப்பு விதையும் வேர்க்கிழங்கும்தான் பிரச்சினை. நந்தியாவட்டை, பிளூமேரியா, கிறிஸ்துமுள் போன்ற பால் வடியும் செடிகளில், பால் கண்ணில் பட்டால்தான் அவசரம். பதினைந்து நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

பூவைச் சுற்றிச் சிவப்பு இலைகளோடு வரும் பாயின்செட்டியாவின் கெட்ட பெயர் வேடிக்கையானது. 1919இல் ஹவாயில் ஒரு குழந்தை அதன் இலையைத் தின்று இறந்துவிட்டதாக ஒரு செய்தி கிளம்பியது. பின்னால் விசாரித்ததில் அது ஆதாரமில்லாத பேச்சு என்று தெரிந்தது. நூறு வருடமாகியும் அந்தப் பழி போகவில்லை. அதன் பால் வாயையும் வயிற்றையும் கொஞ்சம் உறுத்தும், அதைத் தாண்டி ஒன்றுமில்லை.

கவலையே வேண்டாத பூக்கள் நிறைய இருக்கின்றன. ரோஜா நச்சற்றது, அதன் முள்ளிடம் கண்ணைக் காப்பாற்றிக்கொள்வதுதான் நாயின் வேலை. மல்லிகை இனத்தில் எதுவும் நாயை ஒன்றும் செய்யாது. ஆனால் மல்லிகை என்ற பெயரைக் கடன் வாங்கியிருக்கும் இரண்டு செடிகள் அப்படியல்ல. இரவில் மட்டும் மணம் வீசும் செஸ்ட்ரம் ஒன்று. மஞ்சள் பூவோடு படரும் கரோலினா ஜெஸமின் இன்னொன்று, அது நரம்பைத் தாக்கி மூச்சையே நிறுத்தக்கூடியது. சூரியகாந்தி, ஜின்னியா, ஆஸ்டர், ஜெர்பரா, பெட்டூனியா, ஸ்னாப்டிராகன், பான்சி, கோழிக்கொண்டை, காசித்தும்பை, கேலண்டுலா, ஃபேலனாப்சிஸ் ஆர்க்கிட் எல்லாம் தைரியமாக வளர்க்கலாம். செம்பருத்தியையும் நான் இந்தப் பக்கம்தான் வைப்பேன். சில பட்டியல்களில் நச்சு என்று வருவது அதன் இனத்தைச் சேர்ந்த ரோஸ் ஆஃப் ஷாரன், அதுவும் வயிற்றுக்கோளாறுக்காகத்தான். நச்சில்லாத பூவாக இருந்தாலும் வயிறு முட்டத் தின்றால் நாய் வாந்தி எடுக்கும். புல்லைத் தின்றுவிட்டு எடுப்பதில்லையா, அது மாதிரி. பூவில் உட்காரும் தேனீயைக் கவ்வப் போய் மூஞ்சி வீங்கி வரும் நாய்களும் உண்டு. முகம் மட்டும் வீங்கினால் பெரும்பாலும் தானாக வடிந்துவிடும், மூச்சுத் திணறலோ மயக்கமோ சேர்ந்தால் அவசரம்.

உரமூலை என்று தொடக்கத்தில் சொன்னேன். ரோஜா நச்சில்லாதது, ரோஜாவுக்குப் போடுவது அப்படி இல்லை. வேர் வழியே செடிக்குள் ஏறும் பூச்சிமருந்துகளில் ஆர்கனோபாஸ்பேட் வகை இருந்தால், சில கிராமே ஒரு நாயைச் சாய்த்துவிடும்: எச்சில், கண்ணீர், சிறுநீர் எல்லாம் கட்டுப்பாடின்றி ஒழுகும், பாவை குண்டூசி முனையாகச் சுருங்கும், தசை துடிக்கும். இதை எலும்புத்தூளோடு கலந்து போட்டால் நச்சுக்கு நாமே சுவையூட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். ஆமணக்குப் புண்ணாக்கு ‘இயற்கை உரம்’ என்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. எண்ணெயைப் பிழிந்தெடுத்த பிறகு ரைசின் எண்ணெயோடு போவதில்லை, புண்ணாக்கில்தான் தங்குகிறது. சரியாகச் சூடாக்கி நச்சு நீக்காத புண்ணாக்கைத் தின்ற நாய்கள் இறந்திருக்கின்றன. நாய் இருக்கும் தோட்டத்தில் அது வேண்டவே வேண்டாம். நத்தைக்குப் போடும் மெட்டால்டிஹைடு குருணையைத் தின்ற நாய்க்குச் சில மணி நேரத்துக்குள்ளேயே நடுக்கமும் வலிப்பும் வரும், உடம்பு நெருப்பாகக் கொதிக்கும். மண்மூடாக்காகப் பரப்பும் கோகோ விதைத் தோலில், சாக்லெட்டில் இருக்கும் தியோபுரோமின் என்ற, நாய்க்கு நச்சான பொருள் இருக்கிறது, வாசனையும் இழுக்கும். மக்குக் குப்பைத் தொட்டிக்கு மூடி போடுங்கள். அழுகிய பண்டத்தில் பூக்கும் பூஞ்சைகள் சிலவற்றின் நச்சும் நடுக்கத்தைக் கொண்டுவரும்.

நாய் எதையாவது தின்றுவிட்டது என்றால் என்ன செய்வது? முதலில் வாயில் இருப்பதை எடுங்கள். என்ன செடி, எந்தப் பாகம், அதிகபட்சம் எவ்வளவு போயிருக்கும், எத்தனை மணிக்கு, நாயின் எடை என்ன என்ற ஐந்தையும் தயாராக வைத்துக்கொண்டு கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். செடியின் பெயர் தெரியாவிட்டால் பூ, இலை, காய் மூன்றும் இருக்கும் கிளை ஒன்றை உடைத்துப் பையில் போட்டு எடுத்துப் போகலாம். வெறும் இலையை வைத்து அடையாளம் சொல்வது அனுபவசாலிக்கும் கஷ்டம். வாந்தியில் துண்டுகள் வந்திருந்தால் அதையும் படம் பிடியுங்கள்.

உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கும் பழைய பழக்கத்தை மறந்துவிடுங்கள். வாந்தி வராமல் உப்பு உள்ளேயே தங்கிவிட்டால் ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரும்; செடியைவிட வைத்தியம் மோசமாகிவிடும். தொண்டைக்குள் விரலை விடுவதும் வேண்டாம். 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கொடுக்கும் முறை ஒன்று உண்டு, அதையும் மருத்துவர் அளவு சொன்னால் மட்டும். மயங்கியிருக்கும் நாய்க்கும், வலிப்பு வந்த நாய்க்கும், பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கும் வீட்டில் வாந்தி எடுக்க வைத்தால் அது நுரையீரலுக்குள் போகும் அபாயம் அதிகம். பால் கொடுப்பது அரளிக்கோ ஊமத்தைக்கோ முறிவல்ல. மருத்துவமனையில் ஊசி போட்டே வாந்தி எடுக்க வைப்பார்கள், பிறகு நச்சை உறிஞ்சிக்கொள்ளும் கரித்தூள் மருந்தைக் கொடுப்பார்கள். தின்று ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் போனால்தான் வாந்தியால் முழுப்பலன். அதனால் அரளி, செங்காந்தள், சைகஸ், ஆமணக்கு, குன்றிமணி, ஊமத்தை என்றால் அறிகுறிக்காகக் காத்திருக்கவே கூடாது.

மிதமான செடி என்றால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். மேலுதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி இளஞ்சிவப்பாக வேண்டும். பின்தொடையின் உள்பக்கம் விரல் வைத்தால் நாடி கிடைக்கும். சும்மா படுத்திருக்கும் நாய்க்கு நிமிடத்துக்கு 60 முதல் 140 வரை துடிக்கலாம், பெரிய நாய்க்குக் குறைவு, சின்ன நாய்க்கு அதிகம். நாய் நன்றாக இருக்கும் நாளிலேயே இதை ஒருமுறை எண்ணிக் குறித்து வைத்துக்கொண்டால் அவசரத்தில் ஒப்பிட வசதி. ஒருமுறை வாந்தி எடுத்துவிட்டு வாலாட்டிக்கொண்டு திரிந்தால் சில மணி நேரம் சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கவனித்தால் போதும். மறுபடி மறுபடி எடுத்தால், ரத்தம் வந்தால், நடை தடுமாறினால், ஈறு வெளுத்தால் கிளம்பிவிடுங்கள்.

அரளியை எப்படி எடுப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தரையோடு வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும், அந்தத் தளிர் நாய்க்குட்டியின் உயரத்துக்கே இருக்கும். வேரோடு தோண்டி எடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கிளைகளை எரிக்காதீர்கள், அந்தப் புகையும் ஆகாது. உதிர்ந்த இலைகளையும் கூட்டி மூட்டையாகக் கட்டி வெளியேற்றுங்கள், மக்குக் குழியில் போட வேண்டாம். லில்லி என்று வைத்திருப்பதில் ஏதாவது ஒன்று கொடியாக ஏறி, இலைநுனி சுருண்டு பற்றிக்கொண்டிருந்தால் அது செங்காந்தள். மண்ணுக்குள் கிழங்கின் துண்டு மிஞ்சியிருந்தால் அடுத்த பருவத்தில் முளைத்துவிடும், அப்போதும் ஒருமுறை அந்த இடத்தைப் பாருங்கள். இந்த வேலைகளைக் குட்டி வருவதற்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். புதிதாகக் கிளறிய மண்ணைக் கண்டால் எந்தக் குட்டியும் முதலில் அங்கேதான் போய்த் தோண்டும்.